குடியை விட்ட முதல் கிழமையே ஹோர்மோன் பார்க்க ஓடாதீர்கள்

"கள்ளு உடம்புக்குக் குளிர்ச்சி, சாராயம்தான் ஆளைக் கெடுக்கும்" என்று யாழ்ப்பாணத்தில் இன்னும் சொல்லிக்கொள்கிறோம். பனங்கள்ளில் மதுசாரம் 5 வீதமளவில் இருக்கும், சாராயத்தில் 30 வீதத்துக்கு மேல். அது சரி. ஆனால் தவறணையில் யார் ஒரு பிளாவோடு (கள்ளுக் குடிக்கும் ஓலைக் குவளை) எழும்புகிறார்கள்? இரண்டு லீற்றர் கள்ளில் ஏறக்குறைய 80 கிராம் மதுசாரம் போகிறது; கால் போத்தல் சாராயத்தில் 50 கிராம்கூட வராது. விடிய இறக்கிய கள்ளு பின்னேரம் புளித்து இன்னும் ஏறும். ஆண்மை ஹோர்மோனைச் சுரக்கும் விதைக்குத் தெரிவது கிராம்தான், பானத்தின் பெயரல்ல.

விதையில் உள்ள லெய்டிக் கலங்கள்தான் அந்த ஹோர்மோனான டெஸ்டோஸ்டிரோனைச் சுரக்கின்றன. சுரக்கச் சொல்லிக் கட்டளை அனுப்புவது மூளைக்கு அடியில் இருக்கும் கபச்சுரப்பி. அதிகம் குடித்தால் மதுசாரம் அந்தக் கலங்களையும் நேரே தாக்குகிறது, மேலிருந்து வரும் கட்டளையையும் மந்தமாக்குகிறது. வருடக்கணக்காகக் குடித்து ஈரலும் பழுதானால் பெண்மை ஹோர்மோனான ஈஸ்ட்ரஜனின் பங்கு கூடிவிடும். மார்பு புடைப்பதும், உடம்பு மயிர் உதிர்வதும், விதை சுருங்குவதும் அதனால்தான். இதை வயசுக்கோளாறு என்று நினைத்து வீரிய லேகியம் வாங்குவது வீண் செலவு. குடிவெறியில் ஆசை கூடுவதுபோல இருக்கும், உறுப்பு ஒத்துழைக்காது. அதற்கு லேகியம் என்ன செய்யும்?

சரி, விடுவோம் என்று முடிவெடுத்தாயிற்று. தினமும் நிறையக் குடித்தவர் வீட்டுக் கதவைப் பூட்டிக்கொண்டு ஒரேயடியாக நிறுத்துவது உயிரோடு விளையாட்டு. நிறுத்தி முதல் இரண்டு நாளுக்குள் வலிப்பு வரலாம். அதற்கடுத்த நாட்களில் கை நடுக்கம், வியர்வை, இல்லாததைக் காணும் பிதற்றல் எல்லாம் சேர்ந்து வரலாம். சனம் அதைப் பேய் பிடித்தது என்று நினைத்து நூல் கட்டப் போகிறது. முதலே யாழ்ப்பாணம் போதனா வைத்தியசாலையில் காட்டி, மருந்தோடு நிறுத்துங்கள். யாரோடும் கதைக்க வெட்கமென்றால் 1926 என்ற தேசிய மனநல உதவி இலக்கத்துக்கு எடுக்கலாம்.

ஆகப் பெரிய தவறு இதற்குப் பிறகுதான் நடக்கிறது. விட்டு ஐந்தாம் நாளே ஹோர்மோன் பரிசோதனைக்கு இரத்தம் கொடுக்க ஓடுகிறார்கள். அந்த நாட்களில் ஹோர்மோன் அளவு ஏறி இறங்கிக்கொண்டிருக்கும். ஈரல் பாதித்தவர்களில் டெஸ்டோஸ்டிரோனைப் பிடித்து வைத்திருக்கும் ஒரு புரதமும் கூடியிருப்பதால், மொத்த அளவு நல்லதாகத் தெரிந்தாலும் உடம்புக்குப் பயன்படும் பங்கு குறைவாக இருக்கலாம். சில கிழமை பொறுத்து, காலை 10 மணிக்கு முன் வெறும் வயிற்றோடு கொடுங்கள். குறைவாக வந்தால் இன்னொரு நாளும் பார்த்துத்தான் நம்ப வேண்டும்.

அந்த அவசரப் பரிசோதனையைக் காட்டி டெஸ்டோஸ்டிரோன் ஊசி போட்டுக்கொள்பவர்களை நினைத்தால் எனக்குக் கவலை. வெளியிலிருந்து ஹோர்மோன் வந்தால் கபச்சுரப்பி கட்டளையை நிறுத்திவிடும், விந்தணு உற்பத்தி படுத்துவிடும். பிள்ளைக்காகக் குடியை விட்டவர் பிள்ளைக்கான வழியைத் தானே அடைத்துக்கொள்கிறார். (எங்கள் பக்கம் பிள்ளை தங்கவில்லை என்றால் முதலில் பரிசோதனைக்குப் போவது மனைவிதான். கணவனுடைய விந்தைப் பார்ப்பது இரண்டாம் வருஷம்!)

ஈரல் இறுகிப்போகாதவர்களில் பலருக்கு, குடியை விட்ட சில கிழமைகளில் ஹோர்மோன் தானாகவே திரும்புகிறது. இறுகிவிட்டால் முழுதாகத் திரும்பும் என்று யாரும் உறுதி சொல்ல முடியாது. விந்தணுவுக்கு இன்னும் பொறுமை வேண்டும்: ஒன்று உருவாக 74 நாளளவு, வெளியே வந்து சேர இன்னும் ஒன்றிரண்டு கிழமை. தைப்பொங்கலன்று போத்தலைக் கீழே வைத்தவர் விந்துப் பரிசோதனைக்குப் போக வேண்டியது சித்திரை வருஷப்பிறப்பு கழிந்த பிறகு.