ஆகஸ்ட்டில் சீட் தேடுகிறவர்களுக்கு

ஒவ்வொரு வருடமும் ஆகஸ்ட் பிறந்ததும் எனக்கு ஒரே மாதிரி போன் வரும். "அண்ணே, பையன் பிளஸ் டூ முடிச்சிட்டு இன்னும் வீட்லயேதான் இருக்கான், கவுன்சலிங் எல்லாம் முடிஞ்சு போச்சாம், ஒரு காலேஜ்ல இன்னைக்கே ஐம்பதாயிரம் அட்வான்ஸ் கட்டினா சீட்டுங்கிறாங்க, கட்டிரட்டுமா?" கட்டாதீர்கள். ஒரு வாரம் பொறுங்கள். இந்த அவசரத்தை நம்பித்தான் பல கல்லூரிகள் ஆகஸ்ட்டில் ஆள் பிடிக்கின்றன. உங்களுக்கு அவசரம் இருப்பது உண்மைதான், ஆனால் இடத்தை நிரப்ப வேண்டிய அவசரம் அவர்களுக்கு உங்களைவிட அதிகம்.

முதலில் ஒரு விஷயத்தைப் புரிந்துகொண்டால் பாதிக் கவலை போய்விடும். தாமதமாகக் கிடைக்கும் நல்ல சீட் எல்லாம் யாரோ ஒருவர் விட்டுவிட்டுப் போன சீட். ஜூன் மாதமே கலைக் கல்லூரியில் கையில் கிடைத்ததைப் பிடித்துக்கொண்டு சேர்ந்த பிள்ளை, இன்ஜினியரிங் கவுன்சலிங்கில் இடம் கிடைத்ததும் டி.சி. வாங்கிக்கொண்டு போகும். இன்ஜினியரிங்கில் சேர்ந்தது, மருத்துவக் கலந்தாய்வில் பெயர் வந்ததும் அதை விட்டுவிட்டுப் போகும். கால்நடை, வேளாண்மை என்று நடுவில் இன்னும் இரண்டு மூன்று பட்டியல்கள். ஒவ்வொரு பட்டியல் வந்த மறுநாளும் ஏதோ ஒரு கல்லூரியில் ஒரு நாற்காலி காலியாகும். அந்தத் தேதிகளைக் குறித்து வைத்துக்கொண்டு, அதற்கு அடுத்த இரண்டு மூன்று நாட்களில் நேரில் போய் நிற்பவருக்குத்தான் அது கிடைக்கும். போனில் கேட்டால் "ஃபுல்" என்றுதான் பதில் வரும், ஏனென்றால் போன் எடுக்கும் ஆளுக்கு அன்று காலையில் யார் டி.சி. கேட்டு வந்தார்கள் என்பது தெரியாது.

என் அக்கா மகளுக்கு இப்படித்தான் நடந்தது. பி.எஸ்சி. வேதியியல் வேண்டும், உதவிபெறும் கல்லூரியில் வேண்டும் என்று பிடிவாதம். பட்டியலில் பெயர் வரவில்லை. நானும் அவளும் மூன்று நாள் அந்தக் கல்லூரி அலுவலக வராண்டா பெஞ்சில் உட்கார்ந்திருந்தோம். முதல் நாள் ஒன்றுமில்லை. இரண்டாம் நாள் பியூன் எங்களைப் பார்த்துச் சிரிக்க ஆரம்பித்துவிட்டார். மூன்றாம் நாள் பதினொரு மணி இருக்கும், ஒரு பையனும் அவன் அப்பாவும் வந்தார்கள், அப்பா முகமெல்லாம் சிரிப்பு, பையனுக்கு வேளாண்மைக் கல்லூரியில் இடம் கிடைத்துவிட்டது, டி.சி. வேண்டும் என்றார்கள். உள்ளே இருந்த கிளார்க் அம்மா கண்ணாடிக்கு மேலாக எங்களைப் பார்த்து, "அந்தப் பொண்ணு ஃபைலைக் கொடுங்க" என்றார். ஃபைல் கையில் இருந்தது. மூன்று மணிக்குள் ஃபீஸ் கட்டிவிட்டோம். அன்று ஃபைல் வீட்டில் இருந்திருந்தால் எங்களுக்குப் பின்னால் உட்கார்ந்திருந்த பெண்ணுக்கு அந்த இடம் போயிருக்கும், அதில் தப்பும் இல்லை.

அதனால் அந்த ஃபைலைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். பத்து, பதினொன்று, பன்னிரண்டு மார்க் ஷீட், டி.சி., சாதிச் சான்று, வருமானச் சான்று, ஆதார், மாணவர் பெயரில் உள்ள வங்கி பாஸ்புக், பாஸ்போர்ட் சைஸ் போட்டோ ஒரு டஜன், எல்லாவற்றுக்கும் மூன்று செட் ஜெராக்ஸ். குடும்பத்தில் யாரும் பட்டம் வாங்கவில்லை என்றால் முதல் பட்டதாரி சான்றும் இ-சேவை மையத்தில் இன்றே விண்ணப்பித்துவிடுங்கள். வருமானச் சான்று ஒரு வருடத்துக்குத்தான் செல்லும், பழையதை நீட்டினால் திருப்பி அனுப்புவார்கள். தாலுகா ஆபீசில் ஒரு வாரம் பத்து நாள் இழுக்கும் வேலை இது, சீட் கிடைத்த பிறகு ஓடினால் ஆகாது.

சரி, எந்தக் கல்லூரிக்குப் போவது? பணம்தான் பிரச்சினை என்றால் வரிசை எளிது. முதலில் அரசு கலை அறிவியல் கல்லூரி. இளநிலைப் படிப்புக்கு அங்கே கல்விக் கட்டணமே கிடையாது, மற்ற கட்டணங்கள் எல்லாம் சேர்த்து வருடத்துக்குச் சில ஆயிரங்களில் முடிந்துவிடும். ஆன்லைன் விண்ணப்பம் மே மாதமே முடிந்திருக்கும், ஆனால் கலந்தாய்வுக்குப் பிறகு மிஞ்சும் இடங்களுக்கு மறுபடி விண்ணப்பிக்க அவகாசம் கொடுப்பது வழக்கம், சில வருடங்களில் 20 சதவீதம் வரை கூடுதல் இடங்களுக்கும் அரசு அனுமதி தருகிறது. பி.காம்., கணினி அறிவியல் எல்லாம் போட்டி. வரலாறு, பொருளியல், தமிழ், கணிதம், புள்ளியியல் பக்கம் போனால் ஆகஸ்ட்டிலும் இடம் இருக்கும். புள்ளியியலைப் பிள்ளைகள் ஏன் ஒதுக்குகிறார்கள் என்பது எனக்கு இன்றுவரை புரியவில்லை. நகரத்துக் கல்லூரியை மட்டும் பார்க்காமல் பஸ்ஸில் ஒரு மணி நேரத் தூரத்தில் புதிதாகத் தொடங்கிய அரசுக் கல்லூரிகளையும் பாருங்கள், நிறையப் பேருக்கு அப்படி ஒன்று இருப்பதே தெரியாது.

அடுத்தது அரசு உதவிபெறும் கல்லூரி. இங்கே ஒரு சூட்சுமம் இருக்கிறது. ஒரே வளாகம், ஒரே பெயர், சில நேரம் ஒரே வகுப்பறைகூட, ஆனால் அரசு உதவியில் நடக்கும் எய்டட் பிரிவு வேறு, கல்லூரி சொந்தக் கட்டணத்தில் நடத்தும் செல்ஃப் ஃபைனான்ஸ் (சுயநிதி) பிரிவு வேறு. எய்டடில் ஆயிரங்களில் முடிவது செல்ஃப் ஃபைனான்ஸில் பல மடங்கு ஆகும். அலுவலகத்தில் "சீட் இருக்கா?" என்று கேட்டால் "இருக்கு" என்பார்கள், அது எந்தப் பிரிவு என்று நீங்கள்தான் கேட்க வேண்டும். "எய்டடில் காலி வந்தால் என்னை மாற்றுவீர்களா?" என்றும் கேளுங்கள். சில கல்லூரிகளில் மாற்றுவார்கள், சிலவற்றில் முகத்தைத் திருப்பிக்கொள்வார்கள். கேட்பதற்குக் காசா பணமா.

இன்ஜினியரிங்தான் வேண்டும் என்றால், பொதுக் கலந்தாய்வின் மூன்று ரவுண்டும் முடிந்த பிறகு துணைக் கலந்தாய்வு என்று ஒன்று நடக்கிறது. பிளஸ் டூ துணைத் தேர்வில் தேறியவர்களுக்கு மட்டும்தான் அது என்று பலர் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். முதலில் விண்ணப்பிக்காமல் விட்டவர்களும், விண்ணப்பித்து இடம் கிடைக்காதவர்களும்கூடப் பதிவு செய்யலாம். ஆனால் பதிவுக்குக் கிடைப்பது சில நாட்கள்தான், தொழில்நுட்பக் கல்வி இயக்ககத்தின் சேர்க்கைத் தளத்தைத் தினமும் ஒரு தடவை திறந்து பாருங்கள்.

இதை ஏன் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன் என்றால், அதே கல்லூரியில் அதே பிரிவை, நிர்வாகமே நேரடியாகக் கொடுக்கும் மேனேஜ்மென்ட் கோட்டாவில் வாங்கினால் கட்டணம் கூடுதல் என்பது மட்டுமில்லை, முதல் பட்டதாரி சலுகையும் போய்விடும். கவுன்சலிங் வழியாகச் சுயநிதிக் கல்லூரியில் சேரும் முதல் பட்டதாரிக்குக் கல்விக் கட்டணத்தில் வருடத்துக்கு 25,000 ரூபாயை அரசே ஏற்கிறது. நான்கு வருடத்துக்கு ஒரு லட்சம். மேனேஜ்மென்ட் கோட்டாவில் சேர்ந்துவிட்டு அந்தச் சான்றை நீட்டினால் செல்லாது. அண்ணனோ அக்காவோ ஏற்கெனவே இந்தச் சலுகையை வாங்கியிருந்தால் தம்பிக்குக் கிடையாது என்பதையும் பார்த்துக்கொள்ளுங்கள்.

இந்த நேரத்தில் மிஞ்சியிருக்கும் கல்லூரிகளில் பல, காரணத்தோடுதான் மிஞ்சியிருக்கின்றன. அண்ணா பல்கலைக்கழகம் இணைப்புக் கல்லூரிகளின் தேர்ச்சி விகிதத்தை வெளியிடுகிறது, அதைத் தேடிப் பாருங்கள். நூற்றில் இருபது பேர் தேறும் கல்லூரியில் இலவசமாகச் சேர்த்தாலும் எனக்குச் சம்மதமில்லை. அப்புறம் ஒரு வேலை நாளில் நேரில் போங்கள், கேட்டுக்கு வெளியே டீக்கடையில் நிற்கும் மூன்றாம் வருடப் பையனிடம் லேப் நடக்கிறதா, வாத்தியார் வருகிறாரா, பரீட்சைக்கு முன்னால் ஃபைன் என்று எவ்வளவு பிடுங்குகிறார்கள் என்று கேளுங்கள். கையேட்டில் இல்லாதது எல்லாம் அங்கே கிடைக்கும்.

தனியார் கல்லூரிகளும் பல்கலைக்கழகங்களும் "மெரிட் ஸ்காலர்ஷிப்" என்று பெரிய எழுத்தில் போடுகின்றன. சில உண்மையிலேயே நல்லவை. பலவற்றில் நடப்பது ஆடித் தள்ளுபடி கணக்கு, விலையை ஏற்றி வைத்துவிட்டு அதில் பாதி குறைப்பது. எனவே சலுகை எத்தனை சதவீதம் என்று கேட்காதீர்கள், நான்கு வருடத்துக்கும் சேர்த்து என் கையிலிருந்து எவ்வளவு போகும் என்று கேளுங்கள். அந்தச் சலுகை முதல் வருடத்துக்கு மட்டுமா? அடுத்த வருடமும் தொடர எவ்வளவு மதிப்பெண் வேண்டும், ஒரு அரியர் விழுந்தால் மொத்தமும் போய்விடுமா? கல்விக் கட்டணத்தில் மட்டும் தள்ளுபடியா, பஸ், ஹாஸ்டல், பிளேஸ்மென்ட் பயிற்சி, புத்தகம் என்று தனித்தனியாக வசூலிப்பார்களா? எல்லாவற்றையும் கல்லூரித் தலைப்புத் தாளில் எழுதிக் கேளுங்கள். என் சொந்தக்காரப் பையன் ஒருவனுக்கு "பாதிக் கட்டணம்" என்று வாயால் சொல்லிச் சேர்த்தார்கள், இரண்டாம் வருடம் முழுக் கட்டண ரசீது வந்தது, சொன்னவர் வேலையை விட்டுப் போய்விட்டாராம். மாமா நகையை அடகு வைத்தார்.

வெளி உதவித்தொகைகள் விஷயத்தில் தாமதம் நமக்குப் பாதகமே இல்லை. பெரும்பாலானவை கல்லூரியில் சேர்ந்த பிறகு, ஆகஸ்ட்டிலிருந்து அக்டோபர், நவம்பர் வரைதான் விண்ணப்பம் வாங்குகின்றன.

மதிப்பெண் நன்றாக இருக்கிறதா? மத்திய அரசின் கல்லூரி மாணவர் உதவித்தொகை ஒன்று இருக்கிறது. பிளஸ் டூவில் தங்கள் தேர்வு வாரியத்தில் முதல் 20 சதவீதத்துக்குள் வந்து, குடும்ப வருமானம் வருடத்துக்கு 4.5 லட்சத்துக்குள் இருந்தால், இளநிலையில் மூன்று வருடமும் வருடத்துக்கு 12,000 ரூபாய். தேசிய உதவித்தொகை இணையதளத்தில் விண்ணப்பிக்க வேண்டும். நம் பிள்ளைகள் பலர் தகுதி இருந்தும் கேள்விப்படாததாலேயே விண்ணப்பிப்பதில்லை. இன்ஜினியரிங், பாலிடெக்னிக் சேரும் பெண் பிள்ளைகளுக்கு ஏ.ஐ.சி.டி.இ. (அகில இந்தியத் தொழில்நுட்பக் கல்விக் குழு) தரும் பிரகதி உதவித்தொகை, வருடத்துக்கு 50,000 ரூபாய், வருமான வரம்பு 8 லட்சம், ஒரு குடும்பத்தில் இரண்டு பெண்கள் வரை வாங்கலாம். மாற்றுத்திறனாளிகளுக்கு அதே போல சக்ஷம். ரிலையன்ஸ் ஃபவுண்டேஷன் முதலாண்டு மாணவர்கள் 5,000 பேருக்குப் படிப்புக் காலம் முழுவதற்கும் சேர்த்து 2 லட்சம் வரை கொடுக்கிறது, பிளஸ் டூவில் 60 சதவீதமும் ஒரு ஆன்லைன் தேர்வும் உண்டு. இந்தத் திட்டங்களில் சிலவற்றை வாங்கினால் வேறொன்றை வாங்கக் கூடாது என்ற நிபந்தனை இருக்கும், எது பெரியது என்று பார்த்துத் தேர்ந்தெடுங்கள்.

ஆறாம் வகுப்பிலிருந்து அரசுப் பள்ளியில் படித்தவர்களுக்கு மாதம் 1,000 ரூபாய், பெண்களுக்குப் புதுமைப்பெண், பையன்களுக்குத் தமிழ்ப்புதல்வன். அரசு உதவிபெறும் பள்ளியில் தமிழ் வழியில் படித்தவர்களுக்கும் உண்டு. வேறு உதவித்தொகை வாங்கினாலும் இது கிடைக்கும். தனியார் கல்லூரியில் சேர்ந்தாலும் கிடைக்கும். சேர்ந்த முதல் வாரமே கல்லூரியில் இதற்கான பொறுப்பு ஆசிரியர் யார் என்று கேட்டு, கல்லூரி மாணவர்களின் விவரங்களைப் பதியும் யூ.எம்.ஐ.எஸ். தளத்தில் பெயரை ஏற்றச் சொல்லுங்கள். எஸ்.சி., எஸ்.டி., பி.சி., எம்.பி.சி. மாணவர்களுக்கான போஸ்ட் மெட்ரிக் உதவித்தொகைக்கும் அந்த யூ.எம்.ஐ.எஸ். எண்தான் அடிப்படை.

எதுவுமே அமையாவிட்டால்? அரசு பாலிடெக்னிக்கிலும் அரசு ஐ.டி.ஐ.யிலும் சேர்க்கைத் தேதியைப் பெரும்பாலும் நீட்டிப்பார்கள். பிடிக்காத படிப்பில் லட்சம் கொட்டுவதைவிட, ஐ.டி.ஐ.யில் பிடித்த தொழிலைக் கற்பது எவ்வளவோ மேல் என்பேன், நீங்கள் ஒத்துக்கொள்ளாவிட்டாலும் பரவாயில்லை.

அவசரத்தில் ஏற்கெனவே எங்கோ பணம் கட்டிவிட்டவர்களுக்கு ஒன்று. பல்கலைக்கழக மானியக் குழு ஒவ்வொரு கல்வியாண்டுக்கும் கட்டணத்தைத் திருப்பித் தர வேண்டிய தேதியை அறிவிக்கிறது. 2024-25இல் செப்டம்பர் 30 வரை விலகினால் முழுத் தொகை, அக்டோபர் 31 வரை என்றால் 1,000 ரூபாய்க்கு மேல் பிடிக்கக் கூடாது என்று இருந்தது. அசல் மார்க் ஷீட்டைப் பிடித்து வைத்துக்கொள்ளவும் கல்லூரிக்கு அதிகாரம் இல்லை. விலகல் கடிதத்தை எழுத்தில் கொடுத்து, நகலில் சீல் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.

கடைசியாக அந்த பாஸ்புக். உதவித்தொகை எல்லாம் நீங்கள் எழுதிக் கொடுக்கும் கணக்கு எண்ணுக்கு வரும் என்று நினைக்காதீர்கள், பலவும் ஆதாரோடு இணைந்த கணக்குக்குத்தான் போகும். அக்கா மகளுக்குப் புதுமைப்பெண் பணம் நான்கு மாதம் வரவே இல்லை. கல்லூரிக்கு நடந்தோம், பேங்குக்கு நடந்தோம். கடைசியில் பார்த்தால் அவளுடைய ஆதார், எட்டாம் வகுப்பில் பள்ளியில் திறந்து கொடுத்த பழைய கணக்கோடு இணைந்திருந்தது. பரணில் இருந்த பெட்டியைக் கிளறி அந்த பாஸ்புக்கை எடுத்துக்கொண்டு போய் என்ட்ரி போட்டோம். நான்காயிரமும் அங்கேதான் உட்கார்ந்திருந்தது.