கைபேசியில் தேர்தல் நடத்தப் போகிறீர்களா? திரையில் இந்தத் தவறுகள் வேண்டாம்

மன்னார்குடி பக்கம், எங்கள் பள்ளியின் முன்னாள் மாணவர் சங்கத் தேர்தலைக் கைபேசியில் நடத்தினோம். பாதிப் பேர் சிங்கப்பூர், துபாய் என்று இருப்பதால் அதுதான் சரியாகப் பட்டது. திரையை வடிவமைத்தது நான்.

நடவு வயலில் இருந்த சின்னம்மா, வரப்பில் நின்றபடியே வாக்களிக்கப் பார்த்தார். வெயிலில் எழுத்து தெரியவில்லை. முந்தானையைத் திரைக்கு மேல் பிடித்துக்கொண்டு, "ஏம்ப்பா, வாத்தியார் மகன் நிக்கலையா?" என்றார். நின்றிருந்தார், ஒன்பது பேரில் ஏழாவதாக. சின்னம்மாவின் சின்னத் திரையில் ஐந்து பெயர்தான் வந்தது. ஐந்தாவது பெயருக்குக் கீழே ஒரு கோடு வேறு. பட்டியல் முடிந்தது என்றுதான் யாரும் நினைப்பார்கள். அது அவர் தவறே இல்லை, என் தவறு.

பெயர்கள் ஒரே திரையில் அடங்காவிட்டால், "மொத்தம் 9 பேர்" என்று மேலேயே போடுங்கள். கடைசியாகத் தெரியும் பெயர் பாதி வெட்டுப்பட்டு நிற்கட்டும். விரல் தானாகக் கீழே தள்ளும். பட்டியல் முடிந்த பிறகே வாக்களிக்கும் பொத்தான் வரட்டும்.

இடத்தை மிச்சப்படுத்த, பெயர்களை இரண்டு வரிசையாகப் பிரிக்காதீர்கள். 2000 அமெரிக்க அதிபர் தேர்தலில் ஃப்ளோரிடாவின் பாம் பீச் கவுன்டியில் அப்படித்தான் செய்தார்கள். பெயர்கள் இரு பக்கமும், வாக்களிக்கக் குத்த வேண்டிய துளைகள் நடுவிலும். இடப்பக்கம் இரண்டாவது பெயர் அல் கோர். அவருக்கு உரியது மூன்றாவது துளை. இரண்டாவது பெயர்தானே என்று இரண்டாவது துளையைக் குத்தினால், வாக்கு வலப்பக்கத்தில் இருந்த இன்னொரு வேட்பாளர் புக்கானனுக்குப் போகும். அவருக்கு அந்தக் கவுன்டியில் மட்டும் 3,400-க்கு மேல் வாக்குகள் விழுந்தன. மாநிலத்தில் கோரை எதிர்த்து நின்ற புஷ் வென்றதோ 537 வாக்கில்.

ஒரே பெயரில் இருவர் நின்றால் இனிஷியலை மட்டும் நம்பாதீர்கள். நம் வாக்கு இயந்திரத்திலேயே 2015 முதல் வேட்பாளர் படம் இருக்கிறது.

தலைவர், செயலர், பொருளாளர் மூன்றையும் ஒரே நீளப் பக்கத்தில் திணிப்பது இன்னொரு தவறு. நம் ஊராட்சித் தேர்தலில் வார்டு உறுப்பினருக்கு வெள்ளைச் சீட்டு, தலைவருக்கு இளஞ்சிவப்பு, ஒன்றியத்துக்குப் பச்சை, மாவட்டத்துக்கு மஞ்சள். எவ்வளவு நல்ல ஏற்பாடு! அதேபோல் பதவிக்கு ஒரு திரை, ஒரு நிறம் வையுங்கள். நிறம் பிரித்தறிய முடியாதவர்களுக்காகப் பதவியின் பெயரும் பெரிதாக இருக்கட்டும்.

பொத்தானை அழுத்தியதும் வெறும் "நன்றி" போதாது. வாக்கு இயந்திரத்தில் யாருக்கு வாக்களித்தோம் என்று காட்டும் விவிபேட் சீட்டு 7 விநாடி கண்ணில் தெரிவதால்தான் மனசு ஆறுகிறது. யாருக்கு வாக்களிக்கிறோம் என்பதை உறுதி செய்யும் முன் ஒருமுறை காட்டுங்கள். ஆனால் பிறகு அனுப்பும் குறுஞ்செய்தியில் பெயர் வேண்டாம். அதைக் காட்டச் சொல்லிக் கேட்க ஆள் இருப்பார்கள்.

முடியும் நேரத்தை இந்திய நேரம் என்றே எழுதுங்கள். சிங்கப்பூர் இரண்டரை மணி முன்னே, துபாய் ஒன்றரை மணி பின்னே.

அப்புறம், தேர்தலைத் திறக்குமுன் உச்சிவெயிலில் நாலைந்து பேரிடம், அவரவர் கைபேசியிலேயே காட்டுங்கள். எங்கே அழுத்துவது என்று சொல்லித்தராமல் பக்கத்தில் நின்று பாருங்கள்.