நல்ல மார்க் இருந்தும் ஃபெடரல் கிராண்ட் கைநழுவுவது எங்கே?

இங்கே அமெரிக்காவில், ஞாயிற்றுக்கிழமை தமிழ்ப் பள்ளியில் பிள்ளைகள் வகுப்புக்குள் போனதும் பெற்றோர் கேன்டீன் மேசைகளில் உட்கார்ந்துவிடுவார்கள். அக்டோபர் தொடங்கி மார்ச் வரை அங்கே ஒரே பேச்சு, காலேஜ் ஃபீஸ். அதற்கு மத்திய அரசு தரும், திருப்பிக் கட்ட வேண்டாத பணமான ஃபெடரல் கிராண்ட் கிடைக்குமா என்பதும். போன வருஷம் ஓர் அம்மா தன் போனை என் முன்னால் நீட்டினார். "பாருங்க அண்ணா, முதல் வருஷம் 750 டாலர், ரெண்டாம் வருஷம் 1,300, அப்புறம் கம்ப்யூட்டர் சயின்ஸ் எடுத்தா வருஷம் 4,000. என் பொண்ணுக்கு 3.9 ஜிபிஏ. இதுக்கு எங்கே அப்ளை பண்றது?" (ஜிபிஏ என்பது 4-க்குக் கணக்கிடும் சராசரி மார்க்.)

அவர் படித்ததில் ஒரு எண்கூடத் தப்பில்லை. ஆனால் அந்தத் திட்டங்கள் முடிந்து பத்து வருஷத்துக்கு மேல் ஆகிறது. 2006-ல் சட்டமான அகாடமிக் காம்பெடிடிவ்னஸ் கிராண்ட், நேஷனல் ஸ்மார்ட் கிராண்ட் இரண்டும் 2010–11 கல்வியாண்டோடு நின்றுபோயின. உயர்நிலைப் பள்ளியில் கடினமான பாடத்திட்டம் படித்திருந்தால் முதலாவது. மூன்றாம், நான்காம் ஆண்டில் அறிவியல், பொறியியல், கணிதம் அல்லது நாட்டுக்கு அவசியம் என்று அரசு பட்டியலிட்ட சில மொழிகள் படித்தால் இரண்டாவது. மாநிலங்கள் வழியாக ஆண்டுக்கு 1,500 டாலர் கொடுத்துவந்த ராபர்ட் பேர்ட் ஸ்காலர்ஷிப்புக்கும் 2011-ல் நிதி நின்றது. திட்டம் போனாலும் அதைப் பற்றி எழுதிய பக்கங்கள் இணையத்தில் அப்படியே கிடக்கின்றன. எந்தத் தொகையைப் படித்தாலும் முதலில் அது எந்தக் கல்வியாண்டுக்கானது என்று தேடிப் பாருங்கள்.

அந்தப் பழைய திட்டங்களிலேயே பலர் கவனிக்காத ஒரு நிபந்தனை இருந்தது. 4.0 ஜிபிஏ வைத்திருந்தாலும் வருமானம் குறைந்த குடும்பத்துப் பிள்ளைகளுக்கான பெல் கிராண்டுக்குத் தகுதி இல்லையென்றால் ஒரு டாலர் கிடையாது. குடும்பத்தின் பணத்தேவைதான் முதல் வாசல், மார்க் இரண்டாவது. இன்றைக்கும் ஃபெடரல் பணத்தின் சுபாவம் இதுவே. உள்ளே நுழைய வருமானக் கணக்கு, உள்ளேயே தங்க மார்க். நம் வீடுகளில் இதைத் தலைகீழாகப் புரிந்துகொள்கிறார்கள். மார்க்கைக் காட்டி உள்ளே போகப் பார்ப்பார்கள். பணம் வர ஆரம்பித்ததும் மார்க்கை மறந்துவிடுவார்கள்.

பெயரில் 'நேஷனல்' என்று இருந்தால் அரசாங்கப் பணம் என்று நினைப்பதும் அடிக்கடி நடக்கிறது. நேஷனல் மெரிட் ஸ்காலர்ஷிப்பை நடத்துவது லாப நோக்கற்ற ஒரு தனியார் அமைப்பு. அதற்குப் பதினொன்றாம் வகுப்பில் பிஎஸ்ஏடி என்ற தேர்வை எழுதியிருக்க வேண்டும். பன்னிரண்டில் வந்து விசாரித்தால் பஸ் போய்விட்டது. பிரசிடென்ஷியல் ஸ்காலர் நிஜமாகவே அரசுத் திட்டம்தான், 1964 முதல் நடக்கிறது. ஆனால் அதில் கிடைப்பது பதக்கமும் பெருமையும், ஃபீஸ் கட்டக் காசு அல்ல.

சரி, மார்க்கைப் பார்த்துத் தரும் ஃபெடரல் கிராண்ட் இப்போது ஒன்றுமே இல்லையா? ஒன்று இருக்கிறது. நம் வீடுகளில் அதன் பெயரைச் சொன்னதும் முகம் சுளிப்பார்கள், ஏனென்றால் அது ஆசிரியர் வேலைக்குப் போகிறவர்களுக்கானது. பெயர் டீச் கிராண்ட். சட்டப்படி ஆண்டுக்கு 4,000 டாலர். ஃபெடரல் செலவுக் குறைப்பால் சில ஆண்டுகளாகக் கைக்கு வருவது 3,772. ஃபெடரல் நிதியுதவிக்கான விண்ணப்பமான ஃபாஃப்சாவை நிரப்பத்தான் வேண்டும். ஆனால் குடும்ப வருமானம் எவ்வளவு என்று பார்ப்பதில்லை. இரண்டு பேர் ஐடி சம்பளம் வாங்கும் வீட்டுப் பிள்ளைக்கும் கிடைக்கும்.

இதற்கு 3.25 ஜிபிஏ வேண்டும் என்பது பலருக்குத் தெரிந்திருக்கிறது. 'அல்லது' என்று தொடங்கும் அடுத்த வரியைத்தான் விட்டுவிடுகிறார்கள். எஸ்ஏடி போன்ற நுழைவுத் தேர்வில் ஏதாவது ஒரு பகுதியிலாவது 75-ஆவது பெர்சன்டைலுக்கு மேல், அதாவது எழுதியவர்களில் முக்கால்வாசிப் பேரைவிட அதிகமாக, வாங்கியிருந்தாலும் போதும். காலேஜில் ஜிபிஏ 3.1-க்கு இறங்கிவிட்ட ஒரு பையன், தனக்குத் தகுதி போய்விட்டது என்று முடிவுகட்டி ஒரு செமஸ்டர் கேட்காமலே இருந்தான். அவனுடைய பழைய எஸ்ஏடி கணித மார்க்கே அவனைக் காப்பாற்றியிருக்கும். இன்னொன்று, காலேஜ் டீச் கிராண்டில் சேர்ந்திருக்க வேண்டும், எடுத்த படிப்பும் அந்தக் காலேஜின் டீச் பட்டியலில் இருக்க வேண்டும். 'எஜுகேஷன் மேஜர்தானே' என்று சும்மா இருந்துவிடக் கூடாது.

கையெழுத்துப் போடும் இடத்தில் இன்னும் பெரிய தவறு நடக்கிறது. டீச் கிராண்ட் வாங்கியவர், படிப்பு முடிந்து எட்டு ஆண்டுகளுக்குள் நான்கு ஆண்டுகள் முழுநேரமாகப் பாடம் நடத்த வேண்டும். அதுவும் குறைந்த வருமானப் பகுதிப் பள்ளியில், கணிதம், அறிவியல், சிறப்புக் கல்வி, இருமொழிக் கல்வி மாதிரி ஆள் கிடைக்காத பாடத்தில். மூன்று ஆண்டு முடித்துவிட்டு விலகினால் முக்கால் பங்கு கழியும் என்று நினைக்காதீர்கள். மொத்தத் தொகையும் கடனாக மாறும். வட்டி, அப்படிக் கடனாக மாறிய நாளிலிருந்து அல்ல, ஒவ்வொரு தவணையும் கைக்கு வந்த நாளிலிருந்து. பத்தொன்பது வயதில் வாங்கிய 'இலவசப் பணம்' முப்பது வயதில் வட்டியோடு வந்து கதவைத் தட்டும். ஒழுங்காகப் பாடம் நடத்திக்கொண்டிருந்த ஆசிரியர்களுக்கே, வருடாந்தரப் படிவம் தாமதமானது என்ற காரணத்துக்காகக் கிராண்ட் கடனாக மாறிப் பெரிய சர்ச்சை ஆனது. அதற்குப் பிறகு 2021-ல் விதி தளர்ந்தது. என்றாலும் நான் ஆசிரியராக இருந்தால் பள்ளி முதல்வரிடம் வருஷாவருஷம் கையெழுத்து வாங்கி ஒரு ஃபைலில் வைத்துக்கொள்வேன். பதினெட்டு வயதில் 'டீச்சர் ஆகலாம்னு தோணுது' என்று சொல்லும் பிள்ளைக்கு இதை நான் பரிந்துரைப்பதில்லை. 'ஆகத்தான் போகிறேன்' என்று நிற்கும் பிள்ளைக்குத் தாராளமாக.

அடுத்தது விசா. இதில் இரண்டு பக்கமும் தவறு நடக்கிறது. எச்-4-ல், அதாவது வேலை விசாக்காரரின் குடும்பத்துக்கான விசாவில், இருக்கும் மகள் பள்ளியிலேயே முதலாக வந்தாலும் ஃபெடரல் கிராண்ட் கிடையாது. கிரீன் கார்டு விண்ணப்பம் போட்டு வரிசையில் நிற்பதும் கணக்கில் வராது, அது கையில் வர வேண்டும். மறுபக்கம், அப்பா அம்மா இருவரும் எச்-1பி வேலை விசா, பையன் இங்கே பிறந்தவன். 'நமக்கெல்லாம் தர மாட்டாங்க' என்று ஃபாஃப்சாவையே தொடாமல் விட்ட குடும்பங்களை நான் பார்த்திருக்கிறேன். பார்க்கப்படுவது மாணவரின் நிலைதான், பெற்றோரின் விசா அல்ல. அரசு தரும் அடையாள எண்ணான சோஷியல் செக்யூரிட்டி எண் இல்லாத பெற்றோரும் தங்கள் பங்குக்கு ஃபாஃப்சாவுக்கான கணக்குத் திறந்து ஒப்புதல் கொடுக்கலாம். இலங்கையிலிருந்து வந்து அடைக்கலம் பெற்றவர்களின் பிள்ளைகளுக்கும் தகுதி உண்டு, அடைக்கலம் வழங்கப்பட்டிருக்க வேண்டும். மனு நிலுவையில் இருந்தால் போதாது.

ஃபாஃப்சாவில் சொத்துப் பகுதி வரும்போது ஒரு சின்ன எச்சரிக்கை. குடியிருக்கும் வீட்டைக் காட்ட வேண்டாம், ஓய்வுகாலச் சேமிப்பான 401(கே) கணக்கையும் வேண்டாம். சென்னை மேடவாக்கத்தில் வாங்கி வாடகைக்கு விட்டிருக்கும் ஃபிளாட் முதலீடு. அதைக் காட்டத்தான் வேண்டும்.

இனி மார்க் விஷயம். காலேஜ் சேர்ந்த பிறகுதான் இது கடிக்கும். பெல் கிராண்ட் (2025–26-ல் அதிகபட்சம் 7,395 டாலர்) கிடைத்துவிட்டால் நான்கு வருஷமும் தானாக வரும் என்று நினைக்கிறார்கள். வருஷாவருஷம் ஃபாஃப்சா போட வேண்டும் என்பது ஒன்று. 'திருப்தியான கல்வி முன்னேற்றம்' என்ற விதி இன்னொன்று. காலேஜ்காரர்கள் இதைச் 'சாப்' என்பார்கள். இதில் மூன்று கணக்கு உண்டு. இரண்டாம் ஆண்டு முடிவில் சராசரி 'சி'-க்குக் குறையக் கூடாது. பதிவுசெய்த கிரெடிட்டில் (ஒவ்வொரு பாடத்துக்கும் உள்ள அலகு) குறிப்பிட்ட பங்கை, பெரும்பாலான காலேஜ்களில் 67 சதவீதத்தை, முடித்திருக்க வேண்டும். பட்டத்துக்கு வேண்டிய கிரெடிட்டைப் போல ஒன்றரை மடங்குக்குள், அதாவது 120 கிரெடிட் படிப்பானால் 180-க்குள், முடிக்க வேண்டும்.

நன்றாகப் படிக்கும் பிள்ளைகள் மாட்டிக்கொள்வது நடுவில் இருக்கும் கணக்கில். எனக்குத் தெரிந்த ஒரு பெண் முதல் செமஸ்டரில் 15 கிரெடிட் எடுத்தாள். கெமிஸ்ட்ரியிலும் கால்குலஸிலும் 'பி' வந்துவிடும் என்ற பயத்தில் இரண்டையும் நடுவில் விட்டாள். மார்க் பட்டியலில் பாடத்தை விட்டதைக் குறிக்கும் 'டபிள்யூ' இரண்டு, மீதி ஏழு கிரெடிட்டில் எல்லாம் 'ஏ'. ஜிபிஏ 4.0! வீட்டில் கேக் வெட்டினார்கள். ஜனவரியில் நிதியுதவி அலுவலகத்திலிருந்து எச்சரிக்கைக் கடிதம் வந்தது. 'டபிள்யூ' ஜிபிஏவைத் தொடாது. ஆனால் எடுத்த கிரெடிட்டில் எண்ணப்படும், முடித்த கிரெடிட்டில் எண்ணப்படாது. 15-க்கு 7 என்றால் 47 சதவீதம்கூட இல்லை. வசந்த செமஸ்டரில் 15-ஐயும் முடித்து 30-க்கு 22 ஆன பிறகுதான் மூச்சு வந்தது. அந்த இரண்டு 'பி'-யையும் வாங்கியிருந்தால் இந்தத் தொல்லையே இல்லை.

ஒரு பாடத்தை விடாமல் செமஸ்டரையே விடுகிறவர்களுக்கு வேறு கத்தி. செமஸ்டரில் 60 சதவீதம் கடப்பதற்கு முன் முழுவதுமாக விலகினால், வந்த கிராண்டில் ஒரு பகுதி திரும்பப் போகும். அந்தப் பணத்தை ஏற்கெனவே ஃபீஸில் கழித்துவிட்ட காலேஜ், மீதியை உங்களிடம் கேட்கும். பாஸான பாடத்தை மார்க் உயர்த்த மீண்டும் எடுப்பதற்கும் எல்லை உண்டு. ஒரு முறைக்கு ஃபெடரல் பணம் உதவும், அடுத்த முறை உதவாது.

மாநிலப் பணத்தை ஃபெடரல் பணத்தோடு குழப்புவதும் உண்டு. ஜார்ஜியாவின் ஹோப் ஸ்காலர்ஷிப் லாட்டரி வருமானத்தில் வருவது, 3.0 வேண்டும். ஆனால் அந்த 3.0 பள்ளி ரிப்போர்ட்டில் இருக்கும் எண் அல்ல. மாநிலத்தின் மாணவர் நிதி ஆணையம் முக்கியப் பாடங்களை மட்டும் எடுத்துத் தானே கணக்குப் போடும். மியூசிக்கில் வாங்கிய 'ஏ' அங்கே உதவாது. கலிபோர்னியாவில் அந்த மாநிலம் தரும் 'கால் கிராண்டு'க்கு வழக்கமான கடைசி நாள் மார்ச் 2. ஃபெடரல் கெடு அதற்கு வெகு நாள் தள்ளி, கல்வியாண்டு முடியும் ஜூன் 30 வரை இருப்பதால் 'இன்னும் டைம் இருக்கு' என்று ஏமாந்தவர்கள் நிறைய.

புதிதாக ஒன்று. 2026 ஜூலை 1 முதல், காலேஜும் மாநிலமும் தரும் உதவித்தொகையே படிப்புக்கான முழுச் செலவையும் ஈடுகட்டிவிட்டால் பெல் கிராண்ட் கிடைக்காது. முழு ஸ்காலர்ஷிப் வாங்கிய ஏழைப் பிள்ளைக்கு அதற்கு மேல் பெல் பணமும் வந்து கைச்செலவுக்கு உதவிய காலம் முடிகிறது. எனக்கு இது பிடிக்கவில்லை, ஆனால் சட்டம் அப்படி.

சாப் கணக்கில் ஏற்கெனவே தவறியவர்களுக்கு மேல்முறையீடு உண்டு. உடல்நலக் குறைவு, நெருங்கிய உறவினர் மறைவு போன்ற காரணம் வேண்டும், அதற்குத் தாளும் வேண்டும். கேக் வெட்டிய வீட்டுப் பெண்ணின் தம்பி இரண்டு வருஷம் கழித்து இப்படி ஒரு கடிதம் எழுதிக்கொண்டு வந்தான். மூன்று பக்கம், முழுக்க மன்னிப்பு. காரணம் என்று பார்த்தால் கடைசிப் பக்கத்தில் ஒரே ஒரு வரி, பாட்டி ஊரில் தவறியது. மன்னிப்பை எல்லாம் அடிக்கச் சொன்னேன். பாட்டி இறந்த தேதி, அவன் ஊருக்குப் போய்வந்த விமானச் சீட்டு, தவறவிட்ட இரண்டு தேர்வுகளின் தேதி, அடுத்த செமஸ்டரில் என்ன மாறும் என்பது, இவ்வளவும் ஒரே பக்கத்தில் அடங்கின. ஊரிலிருந்து இறப்புச் சான்றிதழை வாட்ஸ்அப்பில் வாங்கினோம். அது தமிழில் இருந்ததால் மொழிபெயர்ப்பும் கேட்டார்கள்.