கண்டல் நடும்போது விடக்கூடாத பிழைகள்

முல்லைத்தீவிலிருந்து மன்னார் வரை களப்போரங்களில் புதிதாகக் கண்டல் (உவர்நீர்ச் சேற்றில் வளரும் மரம்) நட இறங்குபவர்கள் வருடா வருடம் ஒரே பிழைகளைச் செய்கிறார்கள். மரத்திலேயே காயிலிருந்து நீண்டு தொங்கும் முளையைத் தலைகீழாகக் குத்துவது போன்றவை ஒருமுறை காட்டிக்கொடுத்தால் சரியாகிவிடும். கீழே உள்ளவை அப்படிச் சரியாவதில்லை.

வெறும் சேற்றைக் கண்டதும் நடுவது

நிகழ்ச்சிக்கு முதலில் நாள் குறிக்கிறார்கள், பிறகுதான் இடம் தேடுகிறார்கள். கரையோரத்தில் யாரும் உரிமை கேட்காத வெறும் சேறு கிடைக்கிறது. கயிறு பிடித்து, ஒரே காலையில் ஆயிரம் முளை. ஆடியில் போய்ப் பார்த்தால் வரிசை வரிசையாகக் கருகிய குச்சி. 2004 சுனாமிக்குப் பிறகு இலங்கையில் கண்டல் நட்ட 23 இடங்களை ஆய்வாளர்கள் பார்த்தபோது 9 இடங்களில் ஒரு கன்றுகூட உயிரோடு இல்லை. அந்த முடிவு 2017இல் வெளிவந்துவிட்டது. இன்னமும் அதே சேற்றில் அதே வேலை நடப்பதைப் பொறுக்க முடியவில்லை.

கண்டலின் வேருக்கு மூச்சு வேண்டும். மொத்த நேரத்தில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் மூழ்கிக் கிடக்கும் நிலத்தில் அது நிலைக்காது. நமது களப்புகளில் வற்றுப்பெருக்கு மிகக் குறைவு. நீரை ஏற்றி இறக்குவது மாரி மழையும், களப்பு கடலோடு சேரும் தொடுவாயும்தான். தையில் முழங்காலளவு தண்ணீர் நிற்கும் இடம் ஆவணியில் உப்புப் பூத்து வெடித்துக் கிடக்கும். பாதி மூழ்கிச் சாகும், மீதி உப்பில் சாகும். மரம் வரக்கூடிய இடமென்றால் மிதந்து வந்த முளையே அங்கே வேர் பிடித்திருக்கும்.

சென்ரிமீற்றர் குறித்த தடியொன்றை ஊன்றி, ஒரு முழு வருடம், வாரத்துக்கு ஒருமுறை நீர்மட்டத்தை எழுதுங்கள். மேசன்மார் மட்டம் பார்க்கும் தண்ணீர்க் குழாயை எடுத்து, பக்கத்தில் தானாக வளர்ந்து நிற்கும் கண்டலின் அடியோடு உங்கள் இடத்தை ஒப்பிடுங்கள். ஒரு சாண் பள்ளமென்றாலும் நடவேண்டாம். வீதியோ அணையோ நீரோட்டத்தை மறித்திருந்தால் கன்றுக்கு ஒதுக்கிய காசில் மதகு போடுங்கள். தண்ணீர் வந்தால் விதையும் வரும்.

எல்லா இடத்துக்கும் கண்டல்

உப்பு ஏறிக் காயும் கரைக்குக் கண்டலல்ல, அதே சேற்றோரங்களில் வளரும் இன்னொரு மரமான கண்ணாதான் பொருத்தம். அதன் விதையை ஓர் இரவு ஊறவிட்டால் தோல் கழன்றுவிடும். உடனே போட வேண்டும், சேர்த்து வைத்தால் கெட்டுவிடும்.

பிஞ்சு பறிப்பது

கண்டல் முளை காயோடு சேரும் கழுத்தில் மஞ்சள் வளையம் தெரிய வேண்டும், மெல்ல ஆட்டினாலே கையோடு வர வேண்டும். மூன்றில் ஒரு பங்குதான் சேற்றுக்குள். ஆழமாகக் குத்தினால் அழுகும்.

கடற்புல்லின் மேல் நடுவது

வேண்டவே வேண்டாம். இறால் குஞ்சு வளரும் இடம் அது.

அனுமதி

மன்னாரின் விடத்தல்தீவு 2016இலும் முல்லைத்தீவின் நந்திக்கடல் 2017இலும் இயற்கை ஒதுக்கங்களாகின. வனசீவராசிகள் திணைக்களத்தின் எழுத்து அனுமதி இல்லாமல் அங்கே ஒரு முளையும் ஊன்றக்கூடாது.

கடற்றொழிலாளரைக் கேட்காமல் நடுவது

சிறகுவலை கட்டும் இடத்தையும் தோணி இழுக்கும் பாதையையும் சங்கத்தில் கேட்டு வரைபடத்தில் குறியுங்கள். வழியை மறித்து நட்டால் கன்று பிடுங்கப்படும், அதில் அவர்களைக் குறை சொல்ல ஒன்றுமில்லை.

மாடு

முதல் இரண்டு வருடமும் வேலி. கண்ணா இலைக்காக முழங்கால் சேற்றையும் பாராமல் வரும்.