முட்டைக்கோழிக்குச் சளி பிடித்தால்: வீட்டில் வளர்ப்போர் தவிர்க்க வேண்டிய தவறுகள்

கோழி தும்மியதும் மருந்தைத் தேடி ஓடுவதுதான் வீட்டில் பத்துப் பதினைந்து கோழி வைத்திருப்பவர்கள் அதிகம் செய்யும் தவறு. தும்மல், மூச்சில் கர்கர் சத்தம், மூக்கில் நீர், கண்ணோரம் நுரை, முகவீக்கம் என வெளியே தெரிவதெல்லாம் ஏறக்குறைய ஒன்றுபோலவே இருக்கும். உள்ளே இருப்பது மைக்கோபிளாஸ்மா என்ற பாக்டீரியாவாக இருக்கலாம், கொரைசா என்ற மூக்குச்சளி நோயின் பாக்டீரியாவாகவோ வைரஸாகவோ இருக்கலாம். ஈரக்கூளத்தில் வளர்ந்த பூஞ்சையாகவோ மூச்சுக்குழாயைக் கவ்விக்கொண்ட புழுவாகவோகூட இருக்கலாம். வைரஸையும் பூஞ்சையையும் புழுவையும் ஆன்டிபயாடிக் ஒன்றும் செய்யாது. பாக்டீரியாவிலும் எல்லாவற்றுக்கும் ஒரே மருந்து கிடையாது. பெனிசிலின், அமாக்ஸிசிலின் போன்றவை பாக்டீரியாவின் செல்சுவரைத் தாக்கி வேலை செய்பவை. மைக்கோபிளாஸ்மாவுக்குச் செல்சுவரே இல்லை, அதனால் அவை அதை ஒன்றும் செய்யாது. வீட்டில் மிச்சமிருந்த மாத்திரையைப் பொடித்துத் தண்ணீரில் கலப்பவர்கள் இதைத் தெரிந்துகொள்வது நல்லது.

ஆகவே முதல் நாள் வேலை, பார்ப்பதும் கேட்பதும்தான். இரவில் கோழிகள் அடைந்த பிறகு கூண்டருகே அமைதியாக நின்றால் எத்தனை கோழிக்கு மூச்சு இரைகிறது என்று தெளிவாகக் கேட்கும். ஒன்றிரண்டு நாளிலேயே கூட்டம் முழுக்கத் தும்மி, முட்டை சட்டென்று குறைந்து, ஓடு மெலிந்து சுருங்கி, வெள்ளைக்கரு தண்ணீராக ஓடினால் தொற்று மூச்சுக்குழாய் அழற்சி வைரஸைச் சந்தேகிக்கலாம். முகம் வீங்கி, மூக்குச்சளி துர்நாற்றம் அடித்தால் கொரைசா. கழுத்தை நீட்டி வாயைப் பிளந்து மூச்சு வாங்கி, இரத்தம் கலந்த சளியை உதறினால் குரல்வளையைத் தாக்கும் ஹெர்பிஸ் வகை வைரஸ். இவை குறிப்புகள் மட்டுமே. உறுதி செய்வது கால்நடை மருத்துவரும் ஆய்வகமும்தான். ஒரு கோழி இறந்துவிட்டால் அவசரமாகப் புதைப்பதும் தவறு, உறைய வைப்பதும் தவறு. உறைந்தால் திசுக்கள் சிதைந்துவிடும். வெறுங்கையால் தொடாமல் ஒன்றுக்குள் ஒன்றாக இரண்டு பையில் போட்டுக் குளிர்ச்சியாக வைத்து, எங்கே எப்படிக் கொண்டுவருவது என்று மருத்துவரிடம் கேளுங்கள். அந்த ஒரு கோழியின் உடற்கூறாய்வு மற்ற கோழிகளைக் காப்பாற்றும்.

ஒன்றை மட்டும் தள்ளிப்போடவே கூடாது. கழுத்து முறுக்கிக்கொள்வது, பச்சை கலந்த வெள்ளைக்கழிச்சல், கொண்டை நீலம் பாய்வது, அடுத்தடுத்துத் திடீர்ச் சாவு ஆகியவை ராணிக்கெட் எனப்படும் வெள்ளைக்கழிச்சல் நோயாகவோ பறவைக் காய்ச்சலாகவோ இருக்கலாம். அந்த நிலையில் கோழியை விற்காதீர்கள், அறுக்காதீர்கள், இடம் மாற்றாதீர்கள். கால்நடைத் துறைக்கு உடனே சொல்லுங்கள்.

அடுத்து, காற்று. சளி பிடித்த கோழிக்குக் குளிரும் என்று கூண்டைச் சாக்கால் மூடிவிடுகிறார்கள். பாசத்தில் செய்வதுதான், ஆனால் அதுவே நோயை வளர்க்கிறது. எச்சத்திலிருந்து எழும் அம்மோனியா, மூச்சுக்குழாயில் அழுக்கைத் தள்ளிக்கொண்டிருக்கும் நுண்மயிர்களை முடக்கிவிடும்; பிறகு கிருமிக்கு வழி திறந்ததுபோல ஆகிவிடும். நம் மூக்கில் அம்மோனியா நெடி ஏறும்போது அது பெரும்பாலும் 20 பிபிஎம் (காற்றின் பத்து லட்சம் பங்கில் 20 பங்கு) அளவை எட்டியிருக்கும். தினமும் அதே கூண்டுக்குள் போய்வருபவருக்கு அந்த நெடி பழகியும்போய்விடும். நின்றபடி முகர்ந்தால் போதாது, கோழியின் தலை இருக்கும் உயரத்துக்குக் குனிந்து முகருங்கள். கோழிகளின் மேல் நேராக அடிக்காமல் தலைக்கு மேலே காற்று போய்வர வழி வேண்டும். ஈரக்கூளத்தையும் பூஞ்சை பிடித்த வைக்கோலையும் அள்ளிவிட வேண்டும். அப்போது தூசி பறக்கும் என்பதால் கோழிகளை வெளியே விட்டுவிட்டுச் செய்யுங்கள்.

கையாளும் விதத்திலும் கவனம் தேவை. கோழிக்கு நம்மைப்போல உதரவிதானம் இல்லை. மார்புக்கூடு விரிந்து சுருங்கினால்தான் மூச்சு ஓடும். மூச்சுத் திணறும் கோழியின் மார்பை இறுக்கிப் பிடித்தால் கையிலேயே உயிர் போய்விடும். மூச்சுக்குழாயின் வாய் நாக்கின் வேர்ப்பகுதிக்குப் பின்னாலேயே திறந்திருப்பதால், வாயைத் திறந்து மருந்தை ஊற்றினால் நேராக நுரையீரலுக்குப் போகும் ஆபத்தும் உண்டு.

மருத்துவர் தண்ணீரில் கலந்து தரச் சொன்னாலும் அளவில் தவறு நேர்கிறது. முட்டைக்கோழி சாதாரண நாளில் ஏறக்குறைய கால் லிட்டர் குடிக்கும். கடும் வெயிலில் அதைவிட வெகுவாகக் கூடும். நோய் முற்றிய கோழியோ குடிப்பதே இல்லை, அதற்குத்தான் மருந்து அதிகம் தேவை. அப்படிப்பட்ட கோழிக்கு ஊசியாகவோ தனியாகவோ தரலாமா என்று கேளுங்கள். ஆக்சிடெட்ராசைக்ளின் என்ற ஆன்டிபயாடிக் தருகிறீர்கள் என்றால், தீவனத்திலும் கிளிஞ்சலிலும் உள்ள கால்சியம் அந்த மருந்தைக் குடலில் பிடித்துவைத்துக்கொள்ளும் என்பதையும் கேட்டுத் தெளிவுபெறுங்கள். இரண்டு நாளில் தெளிந்துவிட்டது என்று பாதியில் நிறுத்தக் கூடாது. மருந்து தரும் நாட்களிலும் அதன் பிறகு மருந்து உடம்பைவிட்டு நீங்க மருத்துவர் சொல்லும் விலக்குக் காலம் முடியும்வரையும் முட்டையை வீட்டிலும் உண்ணக் கூடாது, பக்கத்து வீட்டுக்கும் கொடுக்கக் கூடாது. சில மருந்துகளை முட்டையிடும் கோழிக்குக் கொடுக்கவே கூடாது. என்ரோஃப்ளாக்சசின் என்ற ஆன்டிபயாடிக்கை அமெரிக்கா 2005-ல் எல்லாக் கோழிகளுக்கும் தடை செய்தது.

இத்தனையிலும் பெரிய தவறு, சத்தம் நின்றதும் நோய் போய்விட்டது என்று நம்புவதுதான். மைக்கோபிளாஸ்மா வந்த கோழி தேறி முட்டையிடத் தொடங்கினாலும் கிருமி உடம்பிலேயே தங்கிவிடும். மருந்து அதை அடக்கும், அறவே ஒழிக்காது. கொரைசாவிலும் குரல்வளை நோயிலும் தேறிய கோழி கிருமியைச் சுமந்து திரியும். இறகு உதிரும் காலத்திலோ வெயில், இடமாற்றம் போன்ற நெருக்கடியிலோ மறுபடி அது தலைதூக்கும். அதனால்தான் நலமாகத் தெரியும் ஒரு கோழியை வாங்கிவந்து நேரே கூட்டத்தில் விட்டவர்கள் பத்து நாளில் எல்லாக் கோழிகளும் தும்முவதைப் பார்க்கிறார்கள். புதுக் கோழியைக் குறைந்தது 30 நாளாவது தனி இடத்தில், தனித் தண்ணீர்ப் பாத்திரத்தோடு வையுங்கள். தினமும் பழைய கோழிகளுக்குத் தீனி வைத்துவிட்டுக் கடைசியாகத்தான் அதனிடம் போக வேண்டும், வேறு செருப்போடு. நோயே காட்டாமல் சுமக்கும் கோழி இந்த 30 நாளிலும் தப்பிவிடலாம் என்பதால், வாங்கும் இடத்திலேயே அங்குள்ள மற்ற கோழிகளையும் பார்த்துவிடுங்கள்.

ஒருமுறை நோய் வந்துபோன கூட்டத்துக்கு நேர்மையான வழிகள் இரண்டுதான். ஒன்று, அதை மூடிய கூட்டமாக வைத்துக்கொள்வது: புதிதாக எதையும் சேர்க்காமல், எதையும் யாருக்கும் கொடுக்காமல். மைக்கோபிளாஸ்மா முட்டை வழியாகவும் குஞ்சுக்குப் போகும் என்பதால், அந்தக் கோழிகளின் முட்டையை அடைவைக்கவும் கூடாது. மற்றொன்று, இருப்பவை முடிந்த பிறகு கூளத்தை முழுக்க அகற்றி, கழுவி, கிருமிநாசினி தெளித்து, வெயில்பட உலர்த்திச் சில வாரம் கூண்டைக் காலியாக விடுவது. கோழியின் உடம்புக்கு வெளியே மைக்கோபிளாஸ்மா நெடுநாள் பிழைக்காது. அதன் பிறகு, தடுப்பூசி போட்ட, நோயற்ற கூட்டத்துக் குஞ்சுகளாகப் பார்த்து, எல்லாவற்றையும் ஒரே இடத்திலிருந்து ஒரே சமயத்தில் கொண்டுவாருங்கள்.