வட்டத் தகரக் குழாயைக் கசியாமல் இணைப்பது எப்படி?

சமையலறைச் சிம்னியைப் பொருத்த வருபவர்களில் பலர் குழாயைச் செருகி, சாம்பல் நிறத் துணி டேப்பை நாலு சுற்றுச் சுற்றிவிட்டுக் கிளம்பிவிடுகிறார்கள். கொஞ்ச நாளில் பசை காய்ந்து, ஜாயின்டிலிருந்து பழுப்பு எண்ணெய் சொட்டத் தொடங்குகிறது. பெங்களூரு அல்சூரில் எங்கள் வீட்டிலும் அதே கதைதான். பிரித்து நானே மறுபடி பொருத்தினேன்.

குழாயை வெட்டுவதும் சுவரில் துளையிடுவதும் உங்களுக்குத் தெரியும் என்று வைத்துக்கொள்கிறேன். நேராக ஜாயின்டுக்கு வருவோம்.

புதுக் குழாயில் எண்ணெய்ப் பூச்சு இருக்கும். தின்னர் தொட்ட துணியால் துடைத்துவிடுங்கள். இல்லையென்றால் எதுவும் ஒட்டாது.

தடுமாற வைப்பது அடுத்த வேலைதான். குழாயின் ஒரு முனை நெளிநெளியாகச் சுருங்கியிருக்கும், மறுமுனை வழவழப்பாக இருக்கும். நெளிந்த முனை காற்று போகும் திசையைப் பார்க்க வேண்டும். திருப்பிச் செருகினால் உள்விளிம்பு காற்றுக்கு எதிராக நின்று பிசுக்கைச் சேர்க்கும். அப்படியானால், செங்குத்துக் குழாயில் கீழிறங்கும் எண்ணெய் அந்த இடுக்கில் புகாதா? புகும். அதனால் செருகும் முன்பே நெளிந்த முனையைச் சுற்றி சிலிகான் சீலன்டை ஒரு கோடாகப் பூசுங்கள். குறைந்தது ஒன்றரை அங்குலம் உள்ளே போக வேண்டும். லேசாகத் திருகிக்கொண்டே தள்ளினால் நெளிவுகளுக்குள் சீலன்ட் பரவி நிரம்பும். படுக்கைவாட்டில் போகும் குழாயின் நீளத் தையல் (தகரத்தின் ஓரங்களைச் சேர்த்த கோடு) மேல்பக்கம் இருக்கட்டும்.

ஒரு ஜாயின்டுக்கு மூன்று ஸ்குரூ, சம இடைவெளியில். ஆறு அங்குலக் குழாயின் சுற்றளவு கிட்டத்தட்ட 19 அங்குலம். நூலைச் சுற்றி அளந்து, அதை மூன்றாக மடித்துக் குறி போடுங்கள். அரை அங்குல ஸ்குரூ போதும். டிரில்லின் வேகத்தைக் குறைத்துக்கொள்ளுங்கள். மெல்லிய தகரத்தில் ஒரு சுற்று கூடினாலும் மரை போய்விடும்.

கடைசியாக டேப். பெங்களூரு எஸ்.பி. ரோட்டுக் கடைகளில் 'அலுமினியம் டேப்' என்றே கேளுங்கள். வெறுமனே 'டக்ட் டேப்' என்றால் அதே துணி டேப் கைக்கு வந்துவிடும். கலிபோர்னியாவின் லாரன்ஸ் பெர்க்லி ஆய்வகம் 1998-இல் பல வகை டேப்களையும் பூச்சுகளையும் சூட்டில் சோதித்தபோது, மோசமாகத் தோற்றது துணி டேப்தான். ஸ்குரூத் தலைகளும் மறையும்படி ஒட்டி, ஸ்பூனின் முதுகால் சுருக்கம் போகத் தேயுங்கள்.

பின்சேர்க்கை: துணி டிரையர் குழாய்க்கும் இதே முறையா என்று ஒருவர் கேட்டிருந்தார். அங்கே ஸ்குரூ கூடாது. உள்ளே நீட்டும் முனையில் பஞ்சு சிக்கிக் குழாய் அடைபடும், தீப்பிடிக்கவும் கூடும். கிளாம்பை இறுக்கி அலுமினியம் டேப் ஒட்டுங்கள்.