ஆன்லைனில் மனித வளர்ச்சியும் குடும்பவியலும்: பணம் கட்டும் முன் பார்க்க வேண்டியவை

வியாசர்பாடி, தண்டையார்பேட்டை பக்கம் பால்வாடியிலோ பிளே ஸ்கூலிலோ வேலை பார்த்துக்கொண்டே டிகிரி முடிக்க நினைப்பவர்களுக்கு இந்தப் படிப்பு பிடித்துப்போவதில் ஆச்சரியமில்லை. கருவிலிருந்து முதுமை வரை மனிதர் எப்படி வளர்கிறார், குடும்பத்துக்கு அதில் என்ன பங்கு என்பதுதான் பாடம். ஆனால் பலர் இதைச் சைக்காலஜி என்று நினைத்துச் சேர்கிறார்கள். முதல் சறுக்கல் அங்கேதான்.

முடித்தவுடன் கவுன்சலிங் சென்டர் திறக்கலாம் என்று அட்மிஷன் ஆள் போனில் சொன்னால் நம்பாதீர்கள். கிளினிக்கல் சைக்காலஜிஸ்ட் ஆக இந்திய மறுவாழ்வு கவுன்சிலின் பதிவு வேண்டும். அதற்குப் படிப்பே வேறு. அதோடு, 2025 ஜூலை-ஆகஸ்ட் பருவத்திலிருந்து சைக்காலஜியையும் உணவு-ஊட்டச்சத்துப் படிப்பையும் ஆன்லைனிலோ தொலைதூரத்திலோ நடத்தக் கூடாது என்று பல்கலைக்கழக மானியக் குழுவான யுஜிசி சொல்லிவிட்டது. சான்றிதழில் படிப்புக்கு என்ன பெயர் அச்சாகும் என்று எழுத்தில் கேட்டு வாங்குங்கள்.

பல்கலைக்கழகம் பெரிய பேர் என்பது போதாது. அந்தப் படிப்பு, அந்த முறையில், அந்த ஆண்டுக்கு அனுமதி பெற்றதா என்று யுஜிசியின் தொலைதூரக் கல்விப் பிரிவு இணையதளத்தில் பாருங்கள். அந்தத் தளத்தில் மாணவருக்குக் கிடைக்கும் அடையாள எண்ணான டெப் ஐடியை நீங்களே எடுங்கள். பிரௌசிங் சென்டர் அண்ணன் தன் செல் நம்பரைப் போட்டுவிட்டால் ஓடிபிக்கு அவர் பின்னால்தான் அலைய வேண்டும். அமெரிக்கப் பல்கலைக்கழகம் என்றால், ஆன்லைன் டிகிரிக்கு இங்கே இணைத்தகுதி, அதாவது இந்திய டிகிரிக்குச் சமம் என்ற அங்கீகாரம், கிடைக்குமா என்று தெரியாமல் கட்டணம் கட்ட வேண்டாம். அரசு வேலை மனதில் இருந்தால் பிளஸ் டூ இல்லாமல் திறந்தநிலையில் வாங்கும் டிகிரி தமிழ்நாட்டில் கைகொடுக்காது.

சேர்ந்த பிறகு நடக்கும் தவறு, தியரியை அப்படியே உருப்போடுவது. குழந்தையைச் சுற்றியுள்ள சூழலை வட்டம் வட்டமாகப் பிரித்து அமெரிக்க உளவியலாளர் பிரான்ஃபென்பிரென்னர் 1979-இல் எழுதியதில், குழந்தையே கால் வைக்காத ஒரு வட்டம் வரும். அப்பாவின் வேலையிடம் அதில் ஒன்று. ஏப்ரல் 15 முதல் 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். காசிமேட்டில் விசைப்படகு கரையில் நிற்கும்; வீட்டில் காசு வராது, அப்பா பகலெல்லாம் வீட்டில், பிள்ளையின் டியூஷன் நிற்கும். பாடம் கண்ணெதிரே நடக்கும்போது பரீட்சையில் வெளிநாட்டு உதாரணத்தை எழுதுவானேன்?

இந்தப் படிப்பின் உயிர் என்று நான் சொல்வது குழந்தைகளைக் கவனித்து எழுதும் பதிவேட்டை. யூடியூப் வீடியோ பார்த்து அதை நிரப்புகிறவர்கள் உண்டு. வைவா என்னும் வாய்மொழித் தேர்வில் இரண்டு கேள்வியிலேயே மாட்டிக்கொள்வார்கள். நேரில் பார்க்கிறவர்களும் "குழந்தை பிடிவாதக்காரன்" என்று தீர்ப்பு எழுதிவிடுகிறார்கள். கண்ட செயலை எழுத வேண்டும். ஹவுசிங் போர்டு வராண்டாவில் ஒரு பையன்: "டம்ளரை மூன்று முறை தள்ளினான். ஆயா திரும்பிப் பார்த்ததும் கையை எடுத்துக்கொண்டான்." இதில் வயதையும் நேரத்தையும் சேர்த்தால் போதும். பிடிவாதமா, ஆயாவைக் கூப்பிடும் வழியா என்பதெல்லாம் அடுத்த பக்கத்தில், தனியாக.

பக்கத்து வீட்டுப் பிள்ளைதானே என்று பெயர், போட்டோ எல்லாம் போட்டு பிடிஎஃப் ஏற்றுவது இன்னொரு வழக்கம். "அக்கா, படிப்புக்காக எழுதுறேன், பேரு போட மாட்டேன்" என்று அம்மாவிடம் முதலில் கேளுங்கள். வேண்டாம் என்றால் வேறு வீட்டைப் பாருங்கள். மாடிக்கு மாடி பிள்ளைகள் இருக்கிறார்கள்.